பறித்த கரண்டி எங்கே?

பொதுக்கூட்டம். பொருள், பெண் விடுதலை. பேசியவன், நான். பெண்ணின் கைக்குக் கரண்டி எதற்கு, அதைப் பறித்துவிட்டுப் புத்தகத்தை வையுங்கள் என்று நான் முழங்கியபோது எழுந்த கையொலி, மேடையிலே கட்டியிருந்த ஒலிபெருக்கியையும் விழுங்கிவிட்டது. மாலை விழுந்தது. துண்டு விழுந்தது. மனம் நிறைந்தது.

இரவு பதினொரு மணிக்கு, தோழர்கள் நால்வருடன் வீடு திரும்பினேன். கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து என் பேச்சைக் கேட்ட துணைவியார், வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுப்படிக்குப் போனார். நாங்கள் கூடத்தில் அமர்ந்து கூட்டத்தின் வெற்றியை அளந்துகொண்டிருந்தோம். கால்மணி நேரத்தில் உப்புமா வந்தது. பரிமாறிக்கொண்டே அவர் கேட்டார்:

"கரண்டியைப் பறித்தீர்களே, பறித்த கரண்டியை எங்கே வைத்தீர்கள்? தேடிப் பார்த்தேன். மறுபடியும் என் கையில்தான் இருக்கிறது!"

தோழர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உப்புமா நன்றாக இருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரந்தான் நீடித்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டின் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுடன் வந்து அமர்ந்தார் துணைவியார். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்த ஆறு வாரமும் யார் சமைப்பது என்பதை மருத்துவர் சொல்லவில்லை. அதைச் சொல்வது மருத்துவரின் வேலையும் அல்லவே!

தோழர்களே! அந்த நேரத்தில் இந்தப் பகுத்தறிவாளன் என்ன செய்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல்நாள் உணவு விடுதிக்கு ஓடினான். இரண்டாம் நாள் தங்கை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினான். மூன்றாம் நாள், சமையலுக்கு ஓர் அம்மாள் கிடைப்பாரா என்று தெருவெல்லாம் விசாரித்தான். நான்காம் நாள், ஊரிலிருந்த எழுபத்தெட்டு வயதுத் தாயாரை அழைத்து வந்தான். எத்தனை வழிகள்! அத்தனை வழியும் ஏதோ ஒரு பெண்ணின் கையில்தான் போய் முடிந்தன, அல்லது என் சட்டைப்பையில். என் கை என்ற ஒன்று என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருப்பது மட்டும் என் நினைவுக்கு வரவேயில்லை.

ஐந்தாம் நாள் காலை, முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன் நின்ற தாயாரைத் துணைவியார் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். "அடுப்பு கடிக்காது, வாருங்கள்" என்றார். போனேன். விரும்பிப் போனேன் என்று எழுதினால் அது பொய். பள்ளிக்கு இழுத்துச் செல்லப்படும் பிள்ளைபோலப் போனேன்.

முக்காலியில் அவர் அமர்ந்தார். அடுப்பின் முன் நான் நின்றேன். பாடம் தொடங்கிற்று.

முதல்நாள் சோறு கூழாயிற்று. மறுநாள் அளவைக் குறைத்தேன். நடுவே வேகாத அரிசி பல்லை நெறித்தது. "பழைய அரிசி தண்ணீரை அதிகம் குடிக்கும், புது அரிசி கொஞ்சமாகக் குடிக்கும். அரிசியைப் பார்த்துத் தண்ணீர் வைக்க வேண்டும்" என்றார். புளிக்குழம்பில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டேன். அரைமணி கொதித்தும் காய் கல்லாகவே நின்றது. புளியை முதலில் ஊற்றிவிட்டு அதில் காயைப் போட்டதுதான் பிழை. புளிப்பு இருக்குமிடத்தில் காயின் நார் எளிதில் இளகாது. காய் பாதி வெந்த பிறகே புளிக்கரைசல் சேர வேண்டும். எண்ணெய் காயுமுன் கடுகைப் போட்டேன். அது வெடிக்காமல் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மறுநாள் எண்ணெய் புகையும்வரை காத்திருந்து போட்டேன், கரிந்து கசந்தது. கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகி, தோலைப் பிளந்துகொண்டு வருவதுதான் அந்த வெடிப்பு. அதற்கு உரிய சூடு ஒன்று உண்டு. அந்தச் சூட்டைத் துணைவியார் எண்ணெயின் நெளிவைப் பார்த்தே சொன்னார். திறந்த பானையில் நூறு பாகை வெப்பத்தில் கொதிக்கும் நீர், மூடிய குக்கரில் ஏறத்தாழ நூற்றிருபது பாகை வரை ஏறுவதால்தான் பருப்பு விரைந்து வேகிறது என்பது நான் பள்ளியில் படித்தது. எத்தனை விசிலில் எந்தப் பருப்பு குழையும் என்பது அவர் அறிந்தது. என் படிப்பு தேர்வுத் தாளோடு முடிந்தது. அவர் படிப்பு ஐந்து பேர் வயிற்றை நிரப்பியது.

அடுப்படியில் அறிவு இருந்தது! அளவு இருந்தது, சோதனை இருந்தது, காரணம் இருந்தது, காலக்கணக்கு இருந்தது. இவ்வளவையும் இருபத்தேழு ஆண்டு பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, நான் வெளியூர்களில் பகுத்தறிவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள். என் குழம்பை ஒருவாய் சுவைத்த தாயார் முகம் சுளித்தார். குழம்பின் மேலுள்ள வெறுப்பு அல்ல அது. மகன்மேல் கொண்ட இரக்கம். "உனக்கு ஏனப்பா இந்தத் தலையெழுத்து? கைமணம் என்று ஒன்று இருக்கிறது. அது பொம்பளைக்குப் பிறவியிலே வருவது. ஆம்பளைக்கு வராது" என்றார்.

பிறவியிலே வருவது!

எங்கோ கேட்ட குரலாக இருந்தது அது. ஓதும் அறிவு ஒருவனுக்குப் பிறவியிலே வருவது; மலம் சுமக்கும் தொழில் இன்னொருவனுக்குப் பிறவியிலே வருவது; ஆள்வது அவனுக்கு, உழுவது இவனுக்கு என்று சொன்னார்களே, அதே குரல்! அந்தக் குரலை நூறு மேடையில் மறுத்திருக்கிறேன். பிறப்பிலே தொழில் இல்லை, பயிற்சியிலே உண்டு என்று வாதாடியிருக்கிறேன். அந்தக் குரல் என் வீட்டு அடுப்படியில், என்னைப் பெற்றவளின் வாய்வழியே, என் நன்மைக்காகவே பேசியபோதுதான் உண்மை உறைத்தது. வருணத்தை வாசலில் தடுத்தோம். அது கொல்லைப்புறமாக வந்து அடுப்படியில் குடியேறிவிட்டது. கைமணம் என்பது சமையலறையின் வருணாசிரமம்!

புகழ்ச்சிதானே, அதிலென்ன குற்றம் என்று கேட்கலாம். புகழ்ச்சிதான், ஆனால் திருட்டுப் புகழ்ச்சி. இருபது ஆண்டு உழைத்து ஒருவர் கற்ற கல்வியை, அவர் கற்றதல்ல, கையோடு ஒட்டிப் பிறந்தது என்று சொல்வது பாராட்டா, பறிமுதலா? கல்வி என்று ஒப்புக்கொண்டால் நாமும் கற்க வேண்டிவரும். பிறவி வரம் என்று சொல்லிவிட்டால் நாம் பந்தியில் உட்கார்ந்துகொள்ளலாம். அதனால்தான் வரம் என்கிறோம்.

பிறவியிலே பெண்ணுக்கு மட்டுமே வருவதானால், சிறந்த சமையலுக்கு நம் மொழியிலே 'நளபாகம்' என்றும் 'பீமபாகம்' என்றும் பெயர் வந்தது எப்படி? நளனும் பீமனும் பெண்களா? கட்டுக்கதை கட்டியவனுக்குங்கூடச் சமைக்கத் தெரிந்த ஆண்கள் கிடைத்திருக்கிறார்கள். கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பரோட்டா மாஸ்டர் யார்? டீ மாஸ்டர் யார்? ஆயிரம் இலை போடும் திருமணத்தில் அண்டாவின் முன் வியர்வை வடிய நிற்கும் தலைமைச் சமையற்காரர் யார்? பெரும்பாலும் ஆண்கள். கோயில் மடைப்பள்ளிக்குள் கரண்டி பிடிப்பவர் யார்? அங்கேயும் ஆண். கூலி தரும் அடுப்பிலும், பெருமை தரும் அடுப்பிலும் ஆணுக்குக் கைமணம் ஊற்றெடுக்கிறது. கூலியும் இல்லாத, பெருமையும் இல்லாத வீட்டு அடுப்பைக் கண்டதும் அந்த ஊற்று வற்றிவிடுகிறது! என்ன விந்தையான கை!

இதைவிட விந்தை ஒன்றும் உண்டு. வைதிகம் முற்றிய வீடுகளில், மாதத்தில் மூன்று நாள் பெண்ணுக்குத் தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் வேறு பெண் இல்லையென்றால் சமைத்தது யார்? வீட்டுக்காரன். மூன்று நாள் வந்த சமையல், நான்காம் நாள் அவள் தலைமுழுகியதும் மறந்துபோயிற்றாம்! சாத்திரம் தடுத்தால் சமைப்பான். அன்பு கேட்டால் சமைக்கமாட்டான். சாத்திரத்தை எரிக்கப் பிறந்த நாமும் அவனைவிடச் சிறியவர்களாக இருக்கலாமா?

பகுத்தறிவாளன் வாதத்தோடு நிற்கக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். சோதித்தேன். இட்டிலி மாவு ஒருவர் கைக்குப் பொங்கும், ஒருவர் கைக்குப் பொங்காது என்பார்களே, அதையே எடுத்துக்கொண்டேன். நாலுபங்கு இட்டிலி அரிசி, ஒருபங்கு உளுந்து, தனித்தனியாக ஊறவைத்து அரைத்து, உப்பிட்டுக் கையால் கரைத்து வைத்தேன். கைராசி பார்த்து மாவு பொங்குவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன. அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது உளுந்தின் பசை. அவற்றுக்கு வேண்டியது வெதுவெதுப்பும் நேரமும். முதல்நாள் குளிர்ந்த இரவில் சன்னலோரம் வைத்தேன், மாவு பொங்கவில்லை. தாயார் என்னைப் பொருளோடு பார்த்தார். மறுமுறை அடுப்புக்கு அருகில், கதகதப்பான மூலையில் வைத்தேன். விடியற்காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து நின்றது மாவு. கரைத்த கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று அது கேட்கவில்லை.

அன்று இட்டிலி ஐந்தைத் தின்ற தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவதைக் கேட்டு வாங்கினார். அதுவே எனக்குச் சான்றிதழ்.

ஆனால், தோழர்களே, நான் எழுத வந்தது இட்டிலியின் வெற்றியை அல்ல. முப்பதாம் நாள் கண்ட ஒரு தோல்வியை எழுத வந்தேன்.

அன்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். துணைவியார் சாய்வு நாற்காலியில், இடக்கையால் பக்கம் புரட்டி ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து மூடிவிட்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்கு என்ன சமைப்பது என்று நினைக்காமல் நான் படித்த முதல் புத்தகம் இது, கல்யாணத்துக்குப் பிறகு."

என் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

மணம் ஆகுமுன் அவர் மேடையிலே பேசியவர். மாணவர் மன்றத்தில் நான் முதன்முதலாக அவரைக் கண்டதே ஒரு மேடையில்தான். என்னைவிடத் தெளிவாகப் பேசுவார். என்னைவிட அஞ்சாமல் பேசுவார். ஏடுகளுக்குக் கட்டுரை எழுதியவர். பிறகு ஏன் நின்றது? நான் தடுக்கவில்லை. ஒருநாளும் தடுத்ததில்லை. "பேசு, எழுது" என்றுதான் சொன்னேன்; சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்! சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை என்பதை இந்த முப்பது நாளில்தான் கண்டேன். முதல்நாள் இரவிலே தொடங்குகிறது. உளுந்து ஊறவைத்தோமா, பாலுக்கு உறை ஊற்றினோமா, எரிவாயு உருளை எத்தனை நாள் வரும், பருப்பு டப்பாவில் அடி தெரிகிறதா, மாமியாருக்குக் காரம் ஆகாதே, பிள்ளைக்குப் பாகற்காய் பிடிக்காதே! கை ஓய்ந்த நேரத்திலும் தலை ஓயாத வேலை இது. அந்தத் தலையில்தான் கட்டுரைக்கும் இடம் வேண்டியிருந்தது.

இயக்கம் ஒரு பேச்சாளரை இழந்தது. இழக்கச் செய்தவன் சனாதனி அல்லன். சாதி வெறியன் அல்லன். சுயமரியாதை முறையில் மாலை மாற்றிக்கொண்ட தோழன், நான்! நம் கழகத் தோழர்களின் வீடுகளில் இப்படி எத்தனை மேடைகள் தாளிப்பில் கரைந்துபோயின என்று கணக்கெடுத்தால், நம் பகைவர்கூட நமக்கு அவ்வளவு இழப்பைச் செய்யவில்லை என்பது தெரியும்.

நம் இயக்கத்தின் வரலாறே உணவைச் சுற்றி வளர்ந்த வரலாறு. 1924, 1925-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி என்றபோது கொதித்தெழுந்தோம். இரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்கென்று இருந்த தனியிடத்தை எதிர்த்தோம். 1941-இல் அது ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை அகற்ற, நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தார்கள் தோழர்கள். எங்கே உட்கார்ந்து உண்பது என்பதற்காக இவ்வளவு போராடினோம். சமைப்பது யார் என்ற கேள்விக்கு அதில் பாதியாவது போராடினோமா? நம் வீட்டு அடுப்படி வாசலிலும் ஒரு பலகை தொங்குகிறது. 'பெண்கள் மட்டும்' என்று அதில் எழுதியிருக்கிறது. மை கண்ணுக்குத் தெரியாததால், மறியல் செய்ய ஆள் வரவில்லை.

சட்டங்கள் வந்தன. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டோம். 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டமன்றம் ஏற்பளித்தது. 2023-இல் இல்லத்தரசியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டார்கள். வீட்டு வேலையும் உழைப்பே என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பெயர் அடையாளம். ஆயினும், சட்டமன்றம் எந்த மசோதாவை நிறைவேற்றினாலும் அது என் வீட்டில் வெங்காயம் நறுக்காது. அதை நறுக்க வேண்டியவன் நான்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணுவோருக்குக் கணக்கு வைக்கிறேன். மக்கள் நாள்பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019-இல் இந்திய அரசின் புள்ளியியல் துறை நாடெங்கும் ஆய்ந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 81.2 பேர், ஆண்களில் 26.1 பேர். அப்படி ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024-இல் மறுபடி ஆய்ந்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழலாம். ஆணோ, இருந்த கொஞ்சத்திலும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டான்! மிக்சியும் கிரைண்டரும் வந்தன; அவற்றின் பொத்தானை அழுத்தும் விரல் மட்டும் மாறவில்லை.

"இயக்கப் பணி இருக்கிறதே, நேரம் எங்கே?" என்பார் ஒரு தோழர். அந்தப் பணி அவருக்கும் உண்டே, அவருடைய நேரத்தைத்தானே நீங்கள் உண்கிறீர்கள்? "விடுதியில் வாங்கிக்கொள்ளலாமே!" என்பார் இன்னொருவர். மாதம் முழுவதும் வாங்க எத்தனை தொழிலாளியின் பையில் பணம் இருக்கிறது? "என் மனைவியே என்னை அடுப்படிக்குள் விடமாட்டேன் என்கிறாளே!" என்பார் மூன்றாமவர். உண்மைதான். வேறெந்த அதிகாரமும் கொடுக்கப்படாதவர், கொடுக்கப்பட்ட ஒரே அறையையும் எளிதில் விட்டுத்தரமாட்டார். நாட்டிலும் பங்கு, நூலகத்திலும் பங்கு, மேடையிலும் பங்கு என்று ஆன பிறகு கேட்டுப் பாருங்கள். சாவியைத் தாமே தருவார். "நான் அவ்வப்போது உதவி செய்கிறேனே!" என்பார் நான்காமவர். உதவி! சொந்த வயிற்றுக்குச் சமைப்பது யாருக்கு ஐயா உதவி? உதவி என்ற சொல் இருக்கும்வரை, வேலை அவளுடையது என்ற பட்டயம் செல்லும். அந்தச் சொல்லை முதலில் எறியுங்கள்.

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. ஆறு வாரம் முடிந்தது. "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று துணைவியார் எழுந்தார். உள்ளபடியே சொல்கிறேன், விட்டால் போதும் என்று ஓடத்தான் மனம் துடித்தது. சமையலில் எனக்கு இன்பம் பிறந்துவிடவில்லை. வெங்காயம் இன்றும் என்னை அழவைக்கிறது. ஆனால் இன்பமாக இருந்தால்தான் செய்வேன் என்று சொல்லும் உரிமை இருபத்தேழு ஆண்டில் அவருக்கு ஒருநாளேனும் இருந்ததா? பாதி நாள் அவர், பாதி நாள் நான் என்று ஒப்பந்தமாயிற்று. திங்கள், புதன், வெள்ளி என்னுடையவை, ஞாயிறு மகனுடையது. அவனும் என்னைப் போலவே முணுமுணுத்துக்கொண்டு கற்கிறான்; நான் ஐம்பத்து நான்கில் தொடங்கினேன், அவன் பத்தொன்பதில் தொடங்கிவிட்டான் என்பது மட்டுமே வேறுபாடு.

இளைஞர்களே! வெண்தாடி வேந்தரின் படத்தை அறையில் மாட்டியிருக்கிறீர்கள். நன்று. அந்த அறையிலிருந்து எழுந்து பத்தடி நடந்தால் அடுப்படி வரும். உள்ளே போங்கள். விருப்பமில்லாமலே போங்கள், விருப்பம் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். அம்மாவிடம் கேளுங்கள், அக்காவிடம் கேளுங்கள், ஆசிரியரிடம் கேட்பதுபோலப் பணிவோடு கேளுங்கள். அவர்கள் ஆசிரியர்களே. முதல் சோறு குழையும். முதல் குழம்பு கசக்கும். தின்றுவிட்டு மறுநாள் மறுபடி உலை வையுங்கள். மணமேடையில் சம உரிமை என்று உறுதி கூறப்போகிற ஒவ்வோர் இளைஞனும், அந்த நாளுக்கு முன்னால் ஒரு வேளைச் சோறும் ஒரு குழம்பும் ஒரு பொரியலும் தன் கையால் ஆக்கக் கற்றிருக்கட்டும். கற்காமல் கூறும் உறுதி வெறும் ஓசை.

சென்ற மாதம் எங்கள் ஊரில் மீண்டும் ஒரு பொதுக்கூட்டம். அதே மேடை, அதே பொருள். பேசியவர் என் துணைவியார். இருபத்தேழு ஆண்டு இடைவெளி குரலில் தெரியவில்லை. பேச்சைத் தொடக்கம் மட்டுமே கேட்டேன், முடிவு எப்படி இருந்ததென்று தோழர்கள் சொல்லித்தான் தெரியும். பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அவர் திரும்புவார். உடன் நான்கைந்து தோழர்கள் வருவார்கள். உப்புமாவுக்கு இரவை வறுக்க வேண்டும்.

பறித்த கரண்டி எங்கே என்று அன்று கேட்டாரே, அதற்கு அன்று விடை சொல்லவில்லை நான். இன்று சொல்கிறேன்: என் கையில்.

தோழா, உன் வீட்டுக் கரண்டி யார் கையில் இருக்கிறது?